பொதுநிலையினர் சார்பில்

மண்டபத்துக்குள் இன்னொரு சாமியார் பேச எழுந்தபோது, மரியசெல்வி மறுபடியும் வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினாள். கழுவ அவசியமே இல்லை. உள்ளே உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். பொழுது சாய்ந்தும் திண்டுக்கல் தார்ரோட்டின் அனல் குறையவில்லை. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் சவரிராயன் சாமி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தவரை அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அவர் இறந்த முப்பதாம் நாள் நினைவுக் கூட்டம் அது. சாமியார்களை உருவாக்கும் குருமடத்தில் அவரிடம் படித்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். நோட்டீஸில் கடைசிக்கு முந்தைய வரியில், 'பொதுநிலையினர் சார்பில் திருமதி மரியசெல்வி, வடமதுரை' என்று அச்சடித்திருந்தது; சாமியாரோ கன்னியரோ அல்லாத சாதாரண விசுவாசிகளுக்காக அவள் ஒருத்தி. ஸ்பின்னிங் மில்லில் நூல் கோக்கும் தன்னைப் போய் மேடையேறச் சொல்கிறார்களே என்கிற கூச்சம் முதலில் இருந்தது. இப்போது அதுகூட இல்லை. வேறொன்று நெஞ்சுக்குள் கிடந்து உருண்டது.

ஆயுசில் பாதியைக் குருமடத்தில் வேதம் கற்பித்தே கழித்தவர் சவரிராயன் சாமி. ஓய்வு பெற்றதும் முதிய குருக்கள் இல்லத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து, வடமதுரைப் பக்கம் ஒரு கிளைக்கோயிலை ஒட்டிய அறைக்கு வந்து சேர்ந்தார். மில்காரர்கள், தக்காளி போடுகிறவர்கள், ஒரு பஸ் கண்டக்டர் என்று அகப்பட்டவர்களையெல்லாம் சனிக்கிழமைதோறும் உட்கார வைத்தார். நோயாளி வீட்டுக்குப் போகவும், பூசையில்லாத ஞாயிறுகளில் வழிபாடு நடத்தவும், கல்லறையில் ஜெபம் சொல்லவும் பழக்கினார். "பூசைக்குத்தான் சாமியாரு வேணும். அழுகுறவ பக்கத்துல ஒக்கார்றதுக்கு எதுக்கு?" என்பார். பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. யாராவது புத்தகத் தமிழில் பிரசங்கத்தை ஆரம்பித்தால் கையைத் தட்டி நிறுத்திவிடுவார். "இத நான் பாடமா நடத்தி எனக்கே சலிச்சுப்போச்சு. நீ கண்டதச் சொல்லு."

அவள் கண்டதைத்தான் அந்த மேடையில் சொல்ல முடியாது போலிருந்தது. கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவள் மட்டும் பக்கத்தில் இருந்தாள். தூங்குகிறார் என்று நினைத்திருந்தவர் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "செல்வி, அங்கிட்டு யாராச்சும் இருக்காங்களா?" அவள் எழுந்துபோய் வராந்தாவை எட்டிப் பார்த்து, "நர்சம்மா மட்டுந்தான் சாமி இருக்கு" என்றாள். அவர் இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். கண்களைப் பார்த்த பிறகுதான் அவர் எந்த அங்கிட்டைக் கேட்கிறார் என்பது அவளுக்கு விளங்கியது. அவர் கை நடுங்கியது. அவரிடம் கற்றதில் ஒரு சொல்கூட அப்போது நாக்குக்கு வரவில்லை. அந்தக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மேடையிலோ ஆள் மாற்றி ஆள், "புன்னகையோடு இறைவனடி சேர்ந்தார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. ஊரிலிருந்து சூசையம்மா அத்தை. "எங்கத்தா இருக்க? ஒங்க மாமாவுக்கு மூச்சு மேல மேல வாங்குது. சாமியாரக் கூட்டிட்டு வெரசா வா."

மரியசெல்வி மேடையின் பக்கவாட்டில் ஏறி, பங்குச் சாமியாரின் காதருகே குனிந்து சொன்னாள். சின்ன வயது. கெட்டவரில்லை. முகம் வாடிவிட்டது. "நன்றியுரை எனக்குத்தாம்மா போட்ருக்கு. முடிச்ச கையோட வண்டிய எடுத்துட்டு வந்துர்றேன். செத்த நேரம் இருங்க, அடுத்து நீங்கதானே பேசணும்?"

"நான் முன்னாடி போறேன் ஃபாதர். நீங்க நெத்தியில பூசுற எண்ணெய எடுத்துட்டு வாங்க."

படியிறங்கியபோது முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் யாரைப் பார்க்கப் போகிறோம் என்பது உறைத்தது. அந்தோணிமுத்து மாமாவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. முதல் தடவை அவள் கல்லறையில் ஜெபம் சொன்ன அன்று, "பொம்பள குழிக்கு முன்னால நின்னு சொன்னா மண்ணு ஏத்துக்குமா?" என்று ஊர் கேட்கச் சத்தம் போட்டவர். பிஷப் இருக்கும் ஆயர் இல்லம்வரை போய்ப் புகார் சொன்னவர். அவள் வழிபாடு நடத்துகிற ஞாயிறுகளில், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடுக்கோயிலில் எழுந்து வெளியே போவார். இப்போது போய் நின்றால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாரோ? தன்னைப் பார்த்த கோபத்திலேயே இழுத்துக்கொண்டிருக்கிற மூச்சும் நின்றுவிட்டால்? சிக்னலில் பஸ் நின்றபோதெல்லாம் அவள் கால்விரல்கள் செருப்புக்குள் நெளிந்தன. ஒரு நேரம் பஸ் பறக்கக்கூடாதா என்றிருந்தது, மறு நேரம் இப்படியே வடமதுரையைத் தாண்டித் திருச்சிக்குப் போய்விடக்கூடாதா என்றிருந்தது.

அந்தோணிமுத்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தவாக்கில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவள் நிலைப்படி தாண்டியதும் அவர் பார்வை அவளைத் தாண்டி வாசலுக்குப் போனது.

"சாமி எங்க?"

"பின்னாடியே வர்றாரு மாமா."

"நீ எதுக்கு வந்த?"

போர்வைக்கு மேல் கிடந்த அவர் கை தானாக நடுங்கியது. அதை அடக்க இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த நடுக்கம் அவளுக்குத் தெரிந்த நடுக்கம். ஜெபப் புத்தகத்தை எடுக்கப் பைக்குள் விட்ட கையை அவள் வெறுமனே வெளியே எடுத்தாள்.

"மாமா, சவரிராயன் சாமியும் பயந்தாரு."

கிழவர் தலை மெல்லத் திரும்பியது. "யாரு, அவரா? அம்புட்டுப் படிச்சவரா?"

"அவருதான். ஆஸ்பத்திரியில. நான் பக்கத்துல இருந்தேன்."

"என்ன சொன்னாரு?"

"அங்கிட்டு யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தெரியல மாமா. கையப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்."

அவர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சொல்லியிருக்கக்கூடாதோ? மேடையில் சொல்லாமல் வந்ததைப் போயும் போயும் சாகக் கிடக்கிறவரிடமா கொட்டுவார்கள்?

சூசையம்மா மெழுகுதிரி கொளுத்த, ஃபேன் காற்றில் அது அணைந்தது. கையை வளைத்து மறைத்து மறுபடி கொளுத்தினாள். மறுபடியும் அணைந்தது. முணுமுணுத்துக்கொண்டே ஸ்விட்ச் பக்கம் போனாள்.

"ஃபேன் ஓடட்டும்," என்றார் அந்தோணிமுத்து. "புழுங்குது."

தெருமுனையில் ஒரு பைக் சத்தம் கேட்டது. அது பங்குச் சாமியாரின் வண்டிதானா என்று அங்கிருந்து சொல்ல முடியாது. கிழவர் வாசலைப் பார்க்கவில்லை. நீட்டியிருந்த காலை வலியோடு மடக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரோரம் நகர்ந்தார். கட்டிலின் விளிம்பில் ஒரு ஆள் உட்காருகிற அளவு இடம் விழுந்தது. அதில் போர்வையின் சுருக்கத்தை, நடுங்குகிற அந்தக் கையாலேயே, நீவி விட்டுக்கொண்டிருந்தார்.