பாட்டு நின்ற இடம்

ஆடி மாதம் என்பதால் சேக் பரீது தன் கல்யாண மண்டபத்தை ஜீவிதாவுக்குச் சும்மாவே விட்டுக்கொடுத்தார். மற்ற மாதமாக இருந்தால் அவள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க முடியாது. நவீன நடனத்துக்கு இந்த நாட்டில் மேடை கிடைப்பதே முகூர்த்தம் இல்லாத நாளில்தான்.

கண்டெம்பரரி என்கிற அந்த நவீன நடனம் என்றால் திண்டுக்கல்லில் எல்லோருக்கும் தெரியும். டிவி போட்டியில் ஒருத்தியைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி நடுவர்களை அழவைப்பது. பெங்களூரில் முறையாகக் கற்றுவந்த ஜீவிதா பிழைப்புக்குச் செய்வதும் ஏறக்குறைய அதுதான். பள்ளி ஆண்டுவிழா, கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடும் ஆட்டம், இவற்றுக்குச் சொல்லிக்கொடுப்பது. தனக்கென்று ஆடியதைப் படம்பிடித்துப் பெரிய விழாக்களுக்கு அனுப்பினால், மண் வாசனை போதவில்லை என்று பதில் வரும். இருப்பதே நாலைந்து விழா; அதிலும் போன முறை ஆடியவர்களே இந்த முறையும் ஆடுவார்கள். மண் வாசனையாம்! திண்டுக்கல் பக்கம் எரியோட்டில் பிறந்தவள் மண்ணை மூட்டை கட்டியா அனுப்ப முடியும்?

இந்த முறை அப்படியொரு விழாவின் தேர்வுக்குழுவிலிருந்து நந்திதா என்ற அம்மையார் நேரிலேயே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். இதுவும் தவறினால் இனி ஆண்டுவிழாவோடு சரி என்று ஜீவிதா முடிவுகட்டியிருந்தாள்.

ஆட்டம் அவள் அம்மா கண்ணம்மாளைப் பற்றியது. சின்ன வயதிலேயே நூல்மில்லுக்குப் போய், மிஷின் இரைச்சலில் காதைத் தொலைத்தவள். மேடையில் மில் இரைச்சல் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றுவிடும். அப்புறம் சத்தமே கிடையாது. அறுந்த இழையைத் தேடி எடுத்து முறுக்கி ஒட்டும் இரண்டு கைகள் மட்டும் இருக்கும். அந்த இடத்துக்காகத்தான் மீதி எல்லாமே.

மைக்செட் பழனிக்குமாரிடம் முன்னாலேயே சொல்லி வைத்தாள்.

"அண்ணே, நடுவுல பாட்டு நின்டுரும். அது அப்படித்தான். நீங்க ஒண்ணும் தொட்டுறாதீக."

"நீ ஆடு தாயி, நான் பாத்துக்கிறேன்."

எல்லாம் நன்றாகத்தான் போனது. இரைச்சல் நின்றது. ஜீவிதாவின் கைகள் மெல்ல இழையைத் தேடத் தொடங்கின. முன்வரிசையில் நந்திதாவுக்குப் பக்கத்தில் இருந்த கண்ணம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மடியில் கிடந்த அவள் விரல்கள் தாமாகவே அசைந்தன. மேடையிலிருந்து அதைப் பார்த்த ஜீவிதாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேறு யாருக்குப் புரியாவிட்டால் என்ன?

பின்னால் யாரோ இருமினார்கள். "கரண்டு போச்சா?" என்றது ஒரு குரல். "ஏலே, பாட்டப் போடுறா" என்றது இன்னொன்று.

பழனிக்குமார் மைக்செட் போட்ட எந்த விசேஷத்திலும் பாட்டு நின்றதில்லை. ஜீவிதா சொன்னது நினைவிருந்தது. ஆனால் இம்புட்டு நேரமா நிற்கும்? நம் ஊர்ப் பெண்பிள்ளை மேடையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாளே என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. கைக்குக் கிடைத்த குத்துப்பாட்டைத் தட்டிவிட்டான்.

மண்டபமே விசிலடித்தது. கண்ணம்மாளுக்கு நாற்காலி அதிர்ந்தது மட்டும் தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் மேடையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று தன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஜீவிதாவுக்கு ஆத்திரம் வந்தது. இருந்தும் நிறுத்தவில்லை. அந்தப் பாட்டுக்கு நடுவிலேயே இழையை ஒட்டி முடித்தாள்.

நந்திதா மேடைக்கே ஏறி வந்து கட்டிக்கொண்டார்.

"அந்தக் குத்துப்பாட்டு உள்ள வர்ற இடம் இருக்கே! என்ன துணிச்சல்! எங்க விழாவுக்கு இதுதான் வேணும். அதுக்கு முன்னாடி வர்ற சைலன்ஸ் மட்டும் ரொம்ப நீளம், குறைச்சிடலாம். பாட்டு உங்க ஐடியாதானே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நந்திதாவின் முகத்துச் சிரிப்பு அப்படியே வடிந்துவிடும். அடுத்த மாதம் மறுபடியும் ஏதோ ஒரு பள்ளியில், ஏதோ ஒரு ஆண்டுவிழா.

"ஆமா மேடம்" என்றாள் ஜீவிதா.

ஒயரைச் சுருட்டியபடி பழனிக்குமார் பெருமையாகச் சொன்னான், "பாத்தியா தாயி, நான் மட்டும் சுதாரிக்கலன்னா மானம் போயிருக்கும்ல." அவனை இனி எந்த முகத்தோடு திட்டுவது?

கண்ணம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "எதுக்குடி எல்லாரும் சிரிச்சாக?" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். "அந்தம்மா என்ன சொல்லுது?"

"புடிச்சிருக்காம்" என்று ஜீவிதா வாயசைத்துக் காட்டினாள்.

"எது?"

ஜீவிதா இரண்டு கைகளையும் தூக்கி, காற்றில் அறுந்த இழையைத் தேடி எடுத்து, முறுக்கி ஒட்டிக் காட்டினாள்.

கண்ணம்மாள் முந்தானைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பன்னா அந்த விழாவுக்குப் போயும் அத நல்லா ரொம்ப நேரம் செய்யி, ஆத்தா."