எழுபது விழுக்காட்டுக் கார்

1

இக்கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வதுதான் முறை. கன்னியாகுமரிப் பக்கம், கொட்டாரம் என்ற ஊரை அடுத்த ஒரு புதிய குடியிருப்பில், ஆம்புலன்ஸ் ஒன்று தெரு முழுவதையும் பின்னோக்கியே கடந்து வெளியேறுவதைக் கண்டேன். திரும்ப இடமில்லை. வீட்டுக்கு வந்ததும் எழுத அமர்ந்தேன். இது என் முதல் கதை. பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நாஞ்சில் நாட்டின் பசுமையான வயல்களுக்கு நடுவே, அழகிய—

(கைவிட்டேன். அந்த வயலில் மண்ணடித்துத்தான் மனை போட்டிருக்கிறார்கள்.)

2

பிரீனா, நாகர்கோவிலில் ஒரு மனை விற்பனை அலுவலகத்தில் வரைபடம் வரைபவள். புதிய மனைப்பிரிவு ஒன்றின் படத்தில், முட்டுத் தெருவின் முடிவில் வண்டிகள் திரும்புவதற்கென ஒரு வட்டம் வரைந்திருந்தாள். அதை ஒட்டிய இருபத்திரண்டாம் மனையை அவளுடைய தங்கை லிஜா வாங்கவிருந்தாள். லிஜாவின் மகளுக்கு வலிப்பு வரும். வந்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எனவே அந்த வட்டத்தைப் பிரீனா இருமுறை சரிபார்த்திருந்தாள்.

முதலாளி நாராயணபெருமாள் திரையைப் பார்த்தார்.

[முதல் வரைவில் இவருக்கு ஒரு கொடுவாள் மீசை வைத்திருந்தேன். மழித்துவிட்டேன். இத்தகையோர் பணிவானவர்கள், நமக்குத் தேநீர் தருவார்கள். என் கோபமே அதுதான்.]

"அந்த வட்டத்த எடுத்துட்டு இன்னொரு மனை போடு மக்கா."

"அப்போ வண்டி எப்பிடி அண்ணாச்சி திரும்பும்?"

"தெருவுலயே திரும்பட்டு. ரெண்டு பக்கமும் கார் நிக்கணும், நடுவுல வழியும் தெரியணும். கார கொஞ்சம் சின்னதா வரையி, கேட்டியா."

"அப்ரூவல் ஆபீஸ்ல பாப்பாவளே."

"அவிய ரோட்டத்தான் அளப்பாவ. படத்துல நிக்க காருக்கு எவன் பெட்ரோல் ஊத்தப் போறான்?"

அவள் வட்டத்தை எடுத்தாள், காரைச் சுருக்கினாள்.*

* கணினியில் 0.7 என்று தட்டினால் போதும். காரும் ஆம்புலன்சும் ஒருங்கே சுருங்கும். உள்ளே படுத்திருப்பவர் சுருங்குவதில்லை.

3

முடிவுக்கு இரண்டு வரைவுகள் எழுதினேன்.

ஒன்றில் பிரீனா வேலையை உதறிவிட்டு வெளியேறினாள். மறுநாளே அந்த நாற்காலியில் வேறொருவர் அமர்ந்து அதே காரைச் சுருக்கினார். ஆகவே கிழித்தேன்.

மற்றொன்றில் அனுமதி வழங்கும் அலுவலர் ஐயம் கொண்டு காரின் நீளத்தை அளந்து, படத்தை—

(அடித்துவிட்டேன். எழுதுகிற நானாவது நம்ப வேண்டாமா?)

4

மாலை. படத்தை அச்சிட ஒரு விசையைத் தட்டினால் போதும். அப்போது லிஜா தொலைபேசியில் அழைக்கிறாள்.

"யக்கா, நாளைக்கு அக்ரிமென்ட் போடப் போறோம். அவரு ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாரு. ராத்திரி பிள்ளைக்கு எதாவதுன்னா, ஆம்புலன்ஸ் வாசல் வர வந்து திரும்பிரும்லா?"

பிரீனா வாயைத் திறக்கிறாள்.

இந்த இடத்தில் அவளை நிறுத்திவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். இத்தகைய படங்களை வரைந்தவர்களும், கையெழுத்திட்டவர்களும், அவற்றைக் காட்டி விற்றவர்களும் இதைப் படிக்கக்கூடும். லிஜா இன்னும் இணைப்பில்தான் இருக்கிறாள். அவளுக்கான பதிலை நான் எழுதப்போவதில்லை. நீங்களே சொல்லுங்கள், அவள் பெயரைச் சொல்லி, அவள் காதில்.