குத்புதீன் வீட்டு அண்டா

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மாரியம்மன் மீது ஆணை. கதை குத்புதீன் வீட்டுக் கதை என்பதால், பள்ளிவாசல் இருக்கும் திசையைப் பார்த்தும் ஒருமுறை சத்தியம் செய்துவிட்டேன். இதற்கு மேலும் சந்தேகப்படுகிறவர்களுக்கு என் பல்செட்டை அடகு வைக்கத் தயார்.

எங்கள் ஊர் டுரியான் துங்காலில் குத்புதீனுக்கு மளிகைக் கடை. நோன்பு மாதம் முழுக்கப் பள்ளிவாசலுக்குக் கஞ்சி காய்ச்சுவது அவன் குடும்பம்தான். அதில் அவர்களுக்கு ஒரு முறை உண்டு. கடைசியாகத் துடுப்பைப் பிடித்துக் கிண்டியவன்தான் அண்டாவைக் கழுவ வேண்டும். கழுவிக் கவிழ்க்காமல் வாசல் தாண்டக் கூடாது. கல்யாண மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி.

அவன் மகன் ஹாசிக், தண்ணீர் சுத்திகரிப்புப் படித்துக்கொண்டிருந்தவன், போனில் சிரியாப் போரைப் பார்த்துப் பார்த்துச் சோறு இறங்காமல் கிடந்தான். ஒரு நோன்புப் பகலில் தோளில் பையோடு கஞ்சி அடுப்புக்கு வந்து நின்றான். சண்டைக்குப் போகிறானாம். நான் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன்.

"அங்க பிள்ளைங்க சாகுது வாப்பா. நான் இங்க மல்லித்தூள் நிறுத்துக்கிட்டு இருக்கவா?"

"துப்பாக்கி தூக்க அங்க ஆளுக்கா பஞ்சம்? குடிக்கத் தண்ணி குடுக்கத்தான்டா ஆளில்ல. நீ படிக்கிறது அதுதானே. முடி. முடிச்சிட்டுப் போ. டிக்கெட்ட நானே எடுத்துத் தரேன்."

"நான் முடிக்கிறதுக்குள்ள எல்லாரும் செத்துருவாங்க."

"நீ சுட்டா பொழச்சிருவாங்களா?"

"வாப்பாவுக்குப் பயம்."

"ஆமாடா, பயம்தான் லா. பெத்தவன் பின்ன என்ன செய்வான்?"

புகை பட்ட கண்ணைத் துடைக்கும் சாக்கில் குத்புதீன் துடுப்பை மகன் கையில் கொடுத்தான். ஹாசிக் பழக்க தோஷத்தில் இரண்டு கிண்டு கிண்டிவிட்டான். அவ்வளவுதான், அகப்பட்டான்.

கஞ்சி ஊற்றி முடிந்ததும், அடிப்பிடித்ததைச் சுரண்ட அண்டாவுக்குள் இறங்கினான். சுரண்டச் சுரண்ட அண்டா ஆழமாகிக்கொண்டே போனது. வெளியே வாடகைக் காரோட்டி ஹார்ன் அடித்துப் பார்த்தான். "கொஞ்சம் இருங்க லா!" என்று கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் குரல் வந்தது. அவன் தாய் ருக்கையா, நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். விமானமே தேடிக்கொண்டு வந்து எங்கள் தலைக்கு மேல் வட்டமடித்தது. விமானி சன்னலைத் திறந்து, "பையன் வரானா இல்லையா?" என்றான்.

"அண்டா கழுவுறான் தம்பி," என்றாள் ருக்கையா.

அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள் போல. சன்னலைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

பெருநாளன்று ஹாசிக் மேலே ஏறி வந்தான். படிப்பை முடித்தான். அந்த அண்டாவைச் சாய்த்துப் போட்டு உள்ளே டியூஷன் வைத்தான். அவன் தங்கை அஃபீஃபாவும் என் பேத்தி ஷாந்தினியும் அதற்குள் உட்கார்ந்துதான் கணக்குப் படித்தார்கள். சொன்னதெல்லாம் எதிரொலித்ததால் ஒவ்வொரு பாடமும் இரண்டு தடவை. பிறகு ஹாசிக் தண்ணீர் வடிகட்டிகளோடு அகதி முகாமுக்குப் போனான். அங்கே பிள்ளைகள் வயிறு நிறையக் குடித்துவிட்டு விட்ட ஏப்பம் இங்கே பக்கத்து ஊர் பாயா ரும்புட் வரை கேட்டது.

வருஷா வருஷம் கஞ்சி அடுப்பருகே இதைச் சொல்லச் சொல்வது குத்புதீன்தான். தண்ணீர் என்ற பேச்சு வந்ததும் ருக்கையா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

"அண்ணே, போன வருஷம் ஏப்பம் சுங்கை ஊடாங் வரைக்கும்தானே கேட்டுச்சு?" என்றான் குத்புதீன் இந்த முறை.

"இந்த வருஷம் தண்ணி ருசி அப்படி."

"சரிதான்." கொஞ்ச நேரம் கிண்டினான். "பையன் என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டானா?"

"கேக்காம இருப்பானா? வாப்பா மாத்திரை போடுறாரா மாமான்னு கேட்டான்."

"போடுறேன்னு சொல்லுங்கண்ணே."

சொல்கிறேன் என்றேன்.

அந்த நோன்புப் பகலில் ஹாசிக் துடுப்பைச் சுவரில் சாத்திவிட்டுப் போய், நான்காம் மாதம் சிரியாவில் துப்பாக்கியோடு செத்தான். அவன் போன அன்று அண்டாவைக் கழுவியது குத்புதீன்.