முன்சக்கரத்து பிரேக்

மாலையை நேராக்குவதற்காக நாச்சியம்மாள் தன் தம்பியின் வலது கையைத் தூக்கினாள். எவ்வளவோ துடைத்தும் வெள்ளியங்கிரியின் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ரங்கநாயகி புருஷனின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊதுவத்தி வாசனையையும் மீறி அவளுக்கு மட்டும் பிரேக் ஆயில் வாடை அடித்தது.

மதியம் சாப்பிட்ட கையோடு போர்டிகோவில் பைக்கைப் பிரித்தவர் அவர். டிஸ்க் பிரேக் வைத்த வண்டி துடியலூரில் அந்தத் தெருவுக்கே அதுதான் முதல். எந்த மெக்கானிக்கையும் அதைத் தொடவிட மாட்டார். ரங்கநாயகிதான் கையாள். அவர் சக்கரத்தடியில் குந்தியிருக்க, அவள் ஹேண்டில்பாரில் பிரேக் லீவரைப் பிடிப்பாள்.

"மெதுவா நாயகி. பிஸ்டன் வெளிய உளுந்துறப் போவுது!"

பிரேக்குக்குள்ளிருந்து பிஸ்டன்கள் எட்டிப் பார்த்ததும் பழைய பல் பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்த்துத் துடைப்பார். கட்டைவிரலால் அவற்றை உள்ளே தள்ளிவிட்டுப் புது பேடுகளைப் பொருத்துவார். அதன்பிறகு லீவரைப் பலமுறை அமுக்கினால்தான் பேடு சக்கரத்து டிஸ்க்கைப் பிடிக்கும். அதுவரை முன்சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது.

இன்று போல்ட் முடுக்கும்வரை வந்துவிட்டார். அதற்குள் அடுப்பில் பால் பொங்கியது.

"நீ போயி டீயப் போடு அம்மணி. அப்பறம் அமுக்கிக்கலாம்" என்றார்.

டம்ளரோடு அவள் திரும்பியபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஸ்பேனர்களையும் எண்ணெய்த் துணியையும் ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். பார்ப்பதற்கு வண்டி முழுசாகத்தான் நின்றது.

வாசலில் கொழுந்தன் மதன்குமாரின் குரல் கேட்டது. "காரு காரமடைக்குப் போயிருச்சுங்க. ஈரோட்டு பஸ்ஸு இந்நேரம் காந்திபுரம் வந்திருக்கும். நா அண்ணன் வண்டியிலயே போயி பாப்பாவக் கூட்டியாந்தர்றேன்."

பாப்பா என்றால் மோகனப்பிரியா, ரங்கநாயகியின் மகள். அப்பாவுக்கு மேலுக்கு முடியவில்லை என்றுமட்டும் காலேஜ் ஹாஸ்டலுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ரங்கநாயகி நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள். "வண்டிய எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க நங்கை!"

"அழுதுபோடு கண்ணு. மனசு விட்டு அழுதுபோடு." நாச்சியம்மாள் அவள் தலையைத் தன் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"ஐயோ, பிரேக் இல்லீங்க! அதுல பிரேக் இல்ல!"

எதிர்வீட்டு மாசாணியம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, கேட்டதை அப்படியே ராகத்தில் எடுத்தாள்.

"வாசல்ல வண்டி நிக்குதே, ஓட்டுன மவராசன் எங்கே... பிரேக்கு புடிக்காமப் போனானே, புள்ளைக்குச் சொல்லாமப் போனானே..."

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரங்கநாயகி எத்தனை கத்தினாலும் அத்தனையும் ஒப்பாரியோடு ஒப்பாரியாகக் கரைந்தது. வெளியே யாரோ வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார்கள்.

அப்போது போர்டிகோவிலிருந்து அந்தக் குரல் கேட்டது. டீ தாமதமானால் வருமே, அதே சலிப்போடு.

"நாயகி, வந்து அமுக்கு."

அவள் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். தாடையை வெள்ளைத் துணி இறுக்கிக் கட்டியிருந்தது.

எழுந்துவிட்டாள்.

"எடுக்கற வரைக்கும் எந்திரிக்கப்படாது அம்மணி!" நாச்சியம்மாள் எட்டி முந்தானையைப் பிடித்தாள். ரங்கநாயகி அதை உருவிக்கொண்டு நடந்தாள். ஒப்பாரி அறுந்துபோயிற்று.

மதன்குமார் வண்டியை உதைத்துக் கிளப்பியிருந்தான். "அண்ணி, நீங்க ஏனுங்க வெளிய..."

அவள் லீவரைப் பிடித்து அமுக்கினாள். அது எதிர்ப்பே இல்லாமல் போய்க் கைப்பிடியில் முட்டியது. மதன்குமார் அதைப் பார்த்தான். சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான்.

அவள் மறுபடி அமுக்கினாள். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் கண் தானாகச் சக்கரத்தடிக்குப் போய் வந்தது. அங்கே தரையில் எண்ணெய்த் தீற்றல் ஒன்றுதான் இருந்தது. இன்னும், இன்னும் என்று காதோரம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு லீவர் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. அவள் விரல்களை எதிர்த்துத் தள்ளியது. அப்போதும் அவள் விடவில்லை.

"கெட்டியாயிருச்சுங்க அண்ணி" என்றான் மதன்குமார் மெல்ல.

"உள்ளயே உருட்டி, ஒருக்கா புடிச்சுப் பாரு."

அவன் உருட்டினான். பிடித்தான். சக்கரம் அப்படியே நின்றது.

"புள்ளைகிட்ட வழியில ஒண்ணும் சொல்லிப்போடாதே" என்றாள். "பைய போ."

விளக்கு வைக்கும் நேரம். அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருமுனையில் எருமை ஒன்று குறுக்கே வந்தது. வண்டியின் பின்விளக்கு சிவந்தது. எருமை கடந்து போகும்வரை அந்தச் சிவப்பு அதே இடத்தில் நின்றது. பிறகு அது அணைய, வண்டி மேட்டுப்பாளையம் ரோட்டுப் பக்கம் திரும்பியது.