வாசலில் போட்ட பெஞ்சு

செந்தமிழ் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கோயிலில் சாவு மணி விழுந்தது. ஸ்பூன் அந்தரத்தில் நின்றது.

டங்... நீண்ட இடைவெளி. மறுபடி, டங்...

அப்பா ரெவரெண்ட் காசிலிங்கம் கண்ணைத் திறந்தார். "யாரும்மா போனது?"

ஜன்னலுக்கு வெளியே, உப்புப் பாத்திகளின் ஓரத்தில் கோயில். மணிக்கயிற்றை இழுத்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார் கோயிலில் மணியடிக்கும் அரசப்பன். செந்தமிழுக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்குக் காற்று வரட்டுமென்று கூடத்து பெஞ்சு, நாற்காலியை எல்லாம் காலையில் வாசலில் போட்டுவிட்டுக் கட்டிலை ஜன்னலோரம் இழுத்திருந்தாள். கூடத்தைக் காலி செய்து வாசலில் பெஞ்சு போட்டால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அரசப்பன் பார்த்திருக்கிறார். விசாரிக்கவில்லை. அடித்துவிட்டார்.

பாண்டிச்சேரி டாக்டர் கையை விரித்துவிட்டது அப்பாவுக்குத் தெரியாது. "வெறும் சளிதான், ஈஸ்டருக்கு நீங்கதான் பாட்டு எடுக்கணும்" என்று அம்மா சாலம்மாள் சொல்லி வைத்திருந்தாள். "தெரிஞ்சுதுன்னா பயத்துலயே போயிடுவாருடி" என்று மகளிடம் சத்தியமும் வாங்கியிருந்தாள்.

கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மாதான் இப்போது ஈரக்கையோடு கோயிலைப் பார்த்து ஓடினாள். மணி சட்டென்று நின்றது.

"பாதியில நிறுத்திட்டானே? செத்தவன் எழுந்துட்டானா?" என்றார் காசிலிங்கம். "கேக்கறேன்ல, யாரு?"

ஒரு பெயர் வேண்டும். உடனே வேண்டும்.

"கலியன் மாமா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கலியன் உப்பளத்துக் கூலி. அப்பாவின் பாட்டுக்கு டோலக்கு. ஆனால் சபைக்காரர் இல்லையே!

அப்பாவின் புருவம் ஏறியது. "கலியனுக்கா? கோயில் மணியா?"

"நீங்கதானே சொல்லி வெச்சீங்க, அவருக்கும் அடிக்கணும்னு."

"சொன்னேனா?" யோசித்தார். "சொல்லியிருப்பேன்."

செந்தமிழுக்கு மூச்சு வந்தது. அப்பாவுக்குத்தான் மூச்சு முட்டியது. கண்ணோரம் நனைந்தது.

"கோயர்ல பாடும்போது ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு ஊருக்குப் போவான். அவன் டோலக்குதாம்மா எல்லாரையும் ஒரே பஸ்ல ஏத்தும். சுனாமி முகாம்ல குழந்தைங்க அழுதுதுங்க. நான் ஜெபம் பண்ணேன், அழுகை நிக்கல. இவன் பிளாஸ்டிக் குடத்தைக் கவுத்துப் போட்டுத் தட்டினான். நின்னுடுச்சு. எனக்குப் பொறாமையா இருந்துது."

போர்வையை விலக்கினார். "அங்கி எடு. நான் போகணும்."

"அப்பா, வேணாம்!"

அவர் தோளைப் பிடித்து அழுத்தியபோதுதான் பார்த்தாள். கணுக்காலில் உப்புப் பூத்து, கையில் ரோஜா மாலையோடு, வாசலுக்குள் ஓடி வந்துகொண்டிருந்தார் கலியன். அழுவதற்கு வாயைத் திறந்துவிட்டார்!

அவள் தலையை வெடுக்கென்று ஆட்டினாள். கலியன் ஜன்னல் வழியே பாதிரி ஐயரின் முதுகு அசைவதைக் கண்டு அரண்டுபோனார். அப்படியே சுவரோரம் குந்திவிட்டார். செந்தமிழ் உதட்டில் விரலை வைத்தாள். கலியன் துண்டால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. அடக்கினார். மறுபடி குலுங்கியது. பிறகு அது வெடித்துக்கொண்டு வந்தது, பல வருஷத்து பீடி இருமல்.



"செத்தவனுக்கு இருமல் ஜாஸ்தியா இருக்குதே" என்றார் காசிலிங்கம்.

அவர் காலியான கூடத்தைப் பார்த்தார். வாசலில் கிடந்த பெஞ்சைப் பார்த்தார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது. ஊரையே சிரிக்க வைத்த வாய் கோணிக்கொண்டு நடுங்கியது. அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

பிடியைத் தளர்த்திக் கேட்டார். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"ம்."

"எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு அவகிட்ட சொல்லாத. தாங்க மாட்டா." ஜன்னல் பக்கம் திரும்பினார். "டேய் கலியா! பொணம் வெளியில கெடக்கக் கூடாது, உள்ள வாடா."

கலியன் மாலையை வெளியிலேயே போட்டுவிட்டு வந்தார். "ஐயரே..."

"அழாத. தாளம் போடு. மெதுவா. எனக்கு மூச்சு கம்மி."

கலியன் தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தில் விரலால் தட்டினார். காசிலிங்கத்தின் விரல் போர்வைமேல் கூடவே தட்டியது.

சாலம்மாள் மூச்சிரைக்க வந்தாள். கலியனைக் கண்டு ஒரு நொடி திகைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. கயிறு சரியா இருக்குதான்னு அரசப்பன் இழுத்துப் பாத்தானாம்."

செந்தமிழ் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்படியா?" என்றார் அவர். "நல்லதுதான். ஈஸ்டருக்கு வேணும்ல."

சாலம்மாள் நிம்மதியாகக் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "மொதல்ல எந்தப் பாட்டு எடுக்கப் போறீங்க?"

போர்வைமேல் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றிருந்தது. அதன் கீழே மார்பும் ஏறி இறங்கவில்லை. கலியன் தலையைத் தூக்கிச் செந்தமிழைப் பார்த்தார். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா போர்வை மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

கலியன் தலையைக் குனிந்துகொண்டு, தாளத்தை விடாமல் தட்டினார்.