கனகம்மாவோடு போன இரும்பு

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அடம்பன் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது, கனகம்மாவின் வளவுக்கு அடியில் கிடந்த இரும்புத் தாதும் அவளோடு கிளம்பிப் போனது. போனதை அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை. உழவு மெசினில் நெல்மூட்டையும் கோழிக்கூடும் கூரைத் தகரமும் நடக்கமாட்டாத கிழடுகளும் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், நிலத்துக்கடியில் என்ன கிளம்புகிறது என்று குனிந்து பார்க்க யாருக்கு அவகாசம்?

தாது அங்கே இருப்பது எழுபதுகளிலேயே அரசாங்கக் கந்தோரில் தெரிந்த சங்கதிதான். சுத்தியலும் திசைகாட்டியுமாக வந்த அரசாங்கத்து ஆட்கள், கனகம்மாவின் புருசன் சீவரத்தினத்தின் வளவில் வீரை மரத்தடியில் நின்ற வைரவர் கல்லையே முள் விடாமல் காட்டுவதைக் கண்டார்கள். கோடானுகோடி வருசத்துக்கு முன் கீழேயிருந்து கொதித்து ஏறிய பாறைக்குழம்பு சுண்ணாம்புக்கல்லில் போய் முட்டியதாம். முட்டிய இடத்தில் இரண்டிலும் சேராத புதுக் கல்லொன்று வெந்து உண்டானதாம். கருஞ்சிவப்பு மணிகள், காந்த இரும்பு, பச்சை படிந்த செம்பு எல்லாம் கலந்த அதற்கு ஸ்கார்ன் என்று பேர் சொன்னார்கள். வைரவர் அதன் தலை. ஒரு துண்டு உடைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்குச் சீவரத்தினம் மறுத்துவிட்டார். வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு சண்டை தொடங்கியது, கல் பார்க்க ஒருவரும் வரவில்லை, சீவரத்தினமும் செத்துப்போனார்.

வீட்டை விட்டுப் போகிறவர்கள் வைரவரை விளக்கில்லாமல் விட்டுப் போவதில்லை. கனகம்மாவும் கல்லைக் கிளப்பிச் சாக்கில் கட்டி, மகன் விதுசனின் சைக்கிள் கரியரில் ஏற்றினாள். தருமபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று அவள் பதுங்குகுழி வெட்டிய இடமெல்லாம் கருஞ்சிவப்பு மணிகள் வந்தன. கடற்கரை மணலில்கூட வந்தன. தலையை மறைக்கக் குழி தேடுகிற சனத்துக்கு அவற்றால் என்ன பிரயோசனம்? கடைசி நாட்களில் விதுசன் தண்ணி தேடிப் போனான். "அம்மா, பிரிஞ்சு போனால் தேடித் திரியாதையுங்கோ. நான் நேரை வீட்டை வாறன், நீங்கள் அங்கை நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். அதற்குப் பிறகு கனகம்மாவுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, அந்த வீட்டில் நிற்பது.

சண்டை முடிந்து அடைபட்ட செட்டிகுளத்து முகாமில் வேலிக்கட்டைகள் முள்ளுக்கம்பியோடு அவள் கூடாரத்துப் பக்கம் சாய்ந்தன. நிமிர்த்திக் களைத்தவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். மீளக்குடியேற விட்டபோது, அவளுக்கு முன்னமே ஊரில் ஒரு கம்பனி வந்து குந்தியிருந்தது. பழைய புள்ளியில் துளை போட்டுப் போட்டு, வெறும் சுண்ணாம்புக்கல்லும் பெரிய பொந்தும் தவிர ஒன்றும் அகப்படாமல் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கனகம்மா வைரவரை வீரையடியில் நட்டுக் கற்பூரம் கொளுத்தினாள். மறுநாள் போட்ட துளையிலேயே தாது வந்தது. துளையிலிருந்து எடுத்துப் பெட்டிகளில் அடுக்கிய கல்லுருளைகள் அடுப்பால் இறக்கியவை போலச் சுட்டன. அவளுடைய நல்ல நேரம் அப்படி.

காணி பொதுத் தேவைக்கு வேண்டும் என்றார்கள். வீதிக்கு அங்காலே தகர வீடொன்று கொடுத்தார்கள். வைரவரோடு போனாள், தாதும் போனது, கம்பனியும் பின்னால் வந்தது. அங்கிருந்தும் எழுப்பினார்கள், இந்தமுறை பக்கத்து வீட்டுச் சனத்தையும் சேர்த்து. அவளைக் கண்டாலே ஆட்கள் படலையைச் சாத்தத் தொடங்கினார்கள். சொந்தக் காணியைத் திருப்பித் தாருங்கோ என்று கந்தோருக்கு நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். தாது இந்தப் பக்கம் இருக்கும்வரை கம்பனி ஓரடியும் விடாது என்றார்கள். கம்பனியின் கல் ஆராய்ச்சிக்காரன் சனூன் மட்டும் விசயத்தைப் பிடித்துக்கொண்டான். கொண்டச்சியில் பிறந்து புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்தவன். கல் இடம்பெயரும் என்பது அவனுக்கு நம்ப முடியாத சங்கதி இல்லை.

"அம்மா, தாது உங்கட கல்லோடதான் வருது. கல்லை எங்களிட்டத் தாங்க. உங்கட காணியை விட்டிருவாங்க."

"கொண்டுபோய் ஆரின்ரை காணியிலை வைப்பியள்?"



ஒருவர் தலையிலும் விழாத இடம் எது என்று யோசித்து யோசித்து வயல்காரி கனகம்மாவுக்கு ஒரு விடை கிடைத்தது. கடல். அதற்குக் காணி உறுதியும் இல்லை, வேலியும் இல்லை. அடம்பனுக்கு மீன் கொண்டுவரும் வங்காலைச் செபமாலை அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன், கேட்டதும் படகில் ஏற்றிக்கொண்டான். சாக்குக்குள் என்ன என்று கேட்கவில்லை. ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து, நல்ல இடமாக இருக்கட்டும் என்று, தனக்கு எப்போதும் மீன் படுகிற இடத்துக்கே கொண்டுபோனான். கனகம்மா வைரவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கல்லைத் தண்ணீருக்குள் விட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள்.

அந்தக் கிழமையே தாது கடலுக்குப் போய்விட்டது. அடம்பனில் நிலம் ஒரு சாண் பதிந்தது. கம்பனி மெசின்களைக் கழற்றிக்கொண்டு போக, காணி விடுபட்டது, கனகம்மா வீட்டுக்கு வந்தாள். வங்காலைக்கு நேரே ஒரு கப்பல் வந்து நின்றது. சுற்றிவர மிதவை கட்டி, உள்ளே யாரும் வலை போடக்கூடாது என்று சொன்னார்கள். சொல்வதற்கு எப்போதும் யாராவது இருக்கிறார்கள்.

செபமாலை ஒருநாள் வந்து முற்றத்தில் நின்றான். சண்டை பிடிக்க வந்தவன் மாதிரியும் இல்லை.

"அக்கா, நீங்கள் போட்டது என்ரை வலைப்பாட்டிலை."

"கடலிலை ஆருக்கும் காணி இல்லையெண்டு நினைச்சிட்டன், தம்பி."

"பாடு இருக்கு அக்கா. என்ரை அப்பு, அவற்றை அப்பு, எல்லாரும் வலை போட்ட இடம். இப்ப உள்ளுக்கை போனால் பிடிக்கிறாங்கள்."

கனகம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. தன்னை எழுப்பியவர்களைத் திட்டிய வாயால் இனி யாரைத் திட்டுவது? வளவின் மேற்குப் பாதியை, விதுசன் வந்து கலியாணம் முடித்தால் வீடு கட்டட்டும் என்று, ஒரு கீரைப்பாத்திகூடப் போடாமல் வைத்திருந்தாள். அதைக் காட்டி, "அதிலை கொட்டிலைப் போட்டுத் தோட்டம் செய்" என்றாள்.

இப்போது புது வரைபடத்தில் தாதுப் புள்ளி கடலுக்குள் இருக்கிறது. வங்காலைப் படகுகளின் திசைகாட்டிகள் வடக்கை விட்டு அந்த இடத்தையே காட்டுகின்றன. சனம் அதற்கேற்ப ஓட்டப் பழகிவிட்டது. வயல்களுக்கு நடுவே கனகம்மாவின் வளவில் ஒரு படகு கவிழ்ந்து கிடக்கிறது, அதன் முதுகில் மிளகாய் காய்கிறது. பெண்சாதி பிள்ளைகளோடு செபமாலை குடிவந்த அன்று அவள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்.

"படலையிலை ஆராவது வந்து கூப்பிட்டால் நீங்கள் ஒருத்தரும் குரல் குடுக்காதையுங்கோ. வேறை ஆக்கள் இருக்கினமெண்டு நினைச்சுத் திரும்பிப் போயிடுவான்."