வெட்டப்பட்ட பதினோரு விநாடி

'உப்பங்கழி நிலையம்' என்ற பழைய படத்துக்கு மூன்று தொடக்கங்கள் இருந்தன. தென்கொரியாவின் பூசான் நகரில் ஒரு திரைப்படக் காப்பகத்தில் வேலை பார்த்த பெக் யுன்ஜூ நான்கு மாதமாக அவற்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். 1968இல் உள்நாட்டில் ஓடிய பிரதியில் ரயில் புகை கலைந்ததும் நாயகன் இறங்கி வருவான். 1974இல் மறுபடி வெளியிட்டபோது அதே புகையின் மேல் நாட்டு முன்னேற்றத்தைப் பற்றி ஓர் ஆண்குரல் பேசியது. ஹாங்காங்குக்கு அனுப்பிய பிரதியில் மட்டும் புகைக்கும் நாயகனுக்கும் நடுவே பதினோரு விநாடி ஓர் இளம்பெண் நின்றாள். இடுப்பில் அவித்த முட்டைக் கூடை. வசனம் கிடையாது. நேராக நம்மைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

வறுமை கண்ணில் படக் கூடாது என்று தணிக்கைக்காரர்கள்தான் அவளை வெட்டியிருக்கிறார்கள் என்பது யுன்ஜூவின் முடிவு. காப்பகம் செப்பனிடும் அந்தப் படத்தோடு வரவிருந்த சிறுநூலுக்கு அதைப் பற்றியே பன்னிரண்டு பக்கம் எழுதி முடித்திருந்தாள். 'ஒரு தேசத்தைக் குற்றம் சாட்டும் கண்கள்' என்ற வரி அவளுக்கே மிகவும் பிடித்துப்போயிருந்தது. பெண்ணின் பெயர்தான் தெரியவில்லை. அவள் முகத்தை இணையத்தில் போட்டு விசாரித்தாள். மூன்றாம் நாள் போன் வந்தது.

"அது எங்க அக்கா. கூட்டிட்டு வரட்டுமா?"

பேசியவள் தோ மல்சுக். அக்கா கும்சிலுக்கு எழுபத்தாறு வயது. மறுநாள் மத்தியானம் இருவரும் ஒரு பை நிறைய ஆரஞ்சோடு வந்து இறங்கினார்கள்.

"இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சும்மா. தணிக்கைக்காரன் வெட்டிட்டானாம். இல்லேன்னா இவ பெரிய நடிகையாம்!" என்றாள் மல்சுக்.

"வாயை மூடிக்கிட்டு பாருடி."

யுன்ஜூ மூன்றையும் வரிசையாகப் போட்டுக் காட்டினாள். முட்டைக்காரி வந்ததும் மல்சுக்கின் கேலி நின்றது. "ஐயோ அக்கா, எவ்வளவு ஒல்லியா இருக்கே!"

கும்சில் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். பிறகு, "அங்கேயே நிறுத்தும்மா" என்றாள்.

"படத்துல என் கண்ணு எங்கே போகுதுன்னு பாரும்மா. கேமராவைப் பார்க்காதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டார் டைரக்டர். மூணு தரம் எடுத்தாங்க. மூணு தரமும் பார்த்துட்டேன்."

"ஏன்?"

"கேமராவுக்குப் பக்கத்துல ஒரு பானையில நூடுல்ஸ் கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. காலையிலேர்ந்து நான் ஒண்ணும் சாப்பிடல. கூடையில இருந்ததெல்லாம் மாவுல செஞ்ச முட்டை. வெட்டினது டைரக்டர்தான். என் முகத்துக்கு நேராவே சொல்லிட்டார். ஹாங்காங்குக்கு எப்படிப் போச்சோ, எனக்குத் தெரியாது."

மல்சுக் திரும்பி அக்காவைப் பார்த்தாள். "அம்பது வருஷமா எல்லா விருந்துலயும் தணிக்கைக்காரன்னு சொன்னியே!"

"வேற எப்படிடி சொல்றது? பசியில பானையைப் பார்த்தேன்னா?"

மல்சுக் சிரிக்கவில்லை. ஓர் ஆரஞ்சை உரித்து அக்காவின் கையில் வைத்தாள்.

யுன்ஜூ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருப்பதாக எத்தனை உறுதியாக எழுதியிருந்தாள்! இப்போது பார்த்தால், மூக்குத்துளைகள்கூட இலேசாக விரிந்திருந்தன. நான்கு மாதமும் அது அவள் கண்ணில் படவேயில்லை. அப்படியானால் வறுமை என்று எழுதியது தப்பா? அதுவும் முழுக்கத் தப்பில்லை. ஆனால் வெட்டியவர்கள் விஷயத்தில் அவள் எழுதியது தப்பு. அது மட்டும் நிச்சயம்.

"இதை எழுதலாமாம்மா? உங்களுக்குச் சங்கடம்னா வேணாம்."

கும்சில் ஆரஞ்சுச் சுளையை மென்றபடி யோசித்தாள். "எழுது. அந்த நூடுல்ஸ்ல எனக்கு ஒரு வாய்கூடக் குடுக்கலேன்னும் எழுது."

காப்பகத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. "தணிக்கைன்னா பத்திரிகைக்காரங்க ஓடி வருவாங்க. நூடுல்ஸுக்கு யார் வருவா?" என்றார். யுன்ஜூ வாதாடவில்லை. பன்னிரண்டு பக்கத்தில் ஒன்பதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தாள். டைரக்டர் விரும்பியபடி முட்டைக்காரி இல்லாத தொடக்கமே படத்தில் நின்றது. அந்தப் பதினோரு விநாடி படத்துக்குப் பின்னால் தனியாகச் சேர்க்கப்பட்டது. அதன் கீழே முதன்முதலாக தோ கும்சில் என்ற பெயர் வந்தது.